உதகைக் குளிரில் பம்பர் ஒடுக்கு: வெந்நீர் ஊற்றியும் ஏன் வெளியே வரவில்லை?

உங்கள் கேள்வியை, படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உதகை காந்தல் பக்கம் குறுகலான சந்து ஒன்றில் காரைப் பின்னால் எடுக்கும்போது கருங்கல் தடுப்புச் சுவரில் மெதுவாக இடித்திருக்கிறீர்கள். பின் பம்பரின் இடது மூலையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போய்விட்டது. பெயிண்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும். பட்டறையில் பம்பரையே மாற்றச் சொல்கிறார்கள். காணொளியில் பார்த்தபடி ஒரு காலை நேரத்தில் ஒரு கெட்டில் கொதிநீரை ஊற்றிவிட்டு உள்ளிருந்து தள்ளிப் பார்த்தீர்கள், அசையவில்லை. ஆனால் கோவையில் இருக்கும் உங்கள் மைத்துனர் தன் காரில் இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். "அண்ணா, என் பம்பர் வேறு மாதிரியா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் அது வீட்டிலேயே எடுக்கக்கூடிய ஒடுக்கு. வெந்நீர் முறையும் பொய்யல்ல. அது சமவெளியில் பழகிய முறை. மலையில் அப்படியே செய்தால் சூடு போதாது. உங்கள் மைத்துனர் ஊற்றிய கொதிநீரும் நீங்கள் ஊற்றிய கொதிநீரும் ஒரே சூடு கிடையாது.

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. நீர் அதற்கேற்பக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நீர் கொதிப்பது 92, 93 டிகிரி செல்சியஸில். கோவையில் 98, 99. அடுப்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. இந்த ஆறு டிகிரி பெரிய விஷயமா என்று கேட்கலாம். அது மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. கோவை வெயிலில் நிற்கும் காரின் பம்பர் தொட்டாலே சுடும். உங்கள் பம்பரோ ஜனவரிக் காலையில் ஐந்தாறு டிகிரியில் விறைத்து நிற்கிறது. தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்லில் உறைபனி படியும் நாட்களில் இன்னும் மோசம். கெட்டிலிலிருந்து விழும் வழியிலேயே நீர் கொஞ்சம் ஆறுகிறது, பம்பரில் பட்டு வழிந்து ஓடுகிறது, பின்பக்கத்தில் குளிர்காற்று சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காணொளிகளில் அதை யாரும் சொல்வதில்லை. பிளாஸ்டிக் சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். பம்பரின் கனம் பொதுவாக மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்த மூன்று மில்லிமீட்டர் முழுவதும் சூடு இறங்க, மேல்பரப்பு தொடர்ந்து சூடாகவே இருந்தால்கூட ஒன்றரை நிமிடம் போல ஆகும். ஒரு கெட்டில் நீர் பத்துப் பதினைந்து விநாடிகளில் காலியாகிவிடும். அதற்குள் மேல்தோல் மட்டும் சுடுகிறது. உள்ளே பச்சையாகவே இருக்கிறது. மேலே வெந்து நடுவில் மாவாக நிற்கும் இட்லியின் கதைதான் உங்கள் பம்பருக்கும் நடந்திருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தேவை இன்னும் கொதிக்கிற நீர் அல்ல, அதே சூடு அதே இடத்தில் சில நிமிடங்கள் தங்குவது. நான் கீழே சொல்லும் முறை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியதுதான்.

அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் கை எங்கே நிற்க வேண்டும் என்று புரியும். இன்றைய கார் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிப்ராப்பிலீனோடு இபிடிஎம் என்ற ரப்பரைக் கலந்து வார்த்தவை. பம்பரைக் கழற்றினால் உட்புறத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிப்ராப்பிலீன் உருகுவது 160 டிகிரிக்குச் சற்று மேல். 80, 90 டிகிரியில் அது உருகாமல் இளகிக் கொடுக்கிறது. மறுமுனையில், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வெறும் பாலிப்ராப்பிலீன் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதற்காகத்தான் ரப்பரைக் கலக்கிறார்கள். ஆனால் மேலே இருக்கும் பெயிண்டுக்கு அந்த அளவு நெகிழ்ச்சி கிடையாது. விடியற்காலைக் குளிரில் பம்பரை அமுக்கினால் பிளாஸ்டிக் தாங்கினாலும் பெயிண்ட் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ஏற்கெனவே ஒருமுறை வெளியில் பெயிண்ட் அடித்த பம்பர் என்றால் இன்னும் சுலபமாக வெடிக்கும்.

ஒடுக்கு ஏன் தானாக வெளியே வருவதில்லை? வார்க்கப்பட்ட வடிவத்துக்குத் திரும்பத்தான் பிளாஸ்டிக் முயல்கிறது. பள்ளத்தைச் சுற்றிலும் ஒரு மேடு வளையமாக எழும்பியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வளையம்தான் பள்ளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. நடுப்பள்ளத்தில் எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் வளையம் இறுக்கமாக இருந்தால் பூட்டு திறக்காது. இன்னொன்றும் உண்டு. நாள் செல்லச் செல்ல அந்தப் புதிய வடிவத்துக்கே பிளாஸ்டிக் பழகிவிடும்; உள்ளே இருக்கும் இழுவிசை மெல்லத் தளர்ந்துபோகும். இடித்த வாரத்தில் சுலபமாக வருவது ஆறு மாதம் கழித்து முரண்டு பிடிக்கும். "சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

வேலையில் இறங்கும் முன் பம்பரைக் கழுவிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒடுக்கை நன்றாகப் பாருங்கள். கழுவுவது அழகுக்காக அல்ல. மண் துகள் ஒட்டியிருக்கும் பம்பரில் துணியை வைத்து அழுத்தினால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். பள்ளம் கிண்ணம் போல வளைவாக இருந்தால் நல்லது, அது அநேகமாக முழுவதும் வந்துவிடும். நடுவில் கத்தியால் கீறியது போலக் கூரான மடிப்பு இருந்தால் பள்ளம் வெளியே வரும், ஆனால் மடிப்பின் கோடு கொஞ்சம் நிற்கும். பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பகுதியில் மடிப்பு வெளுத்துத் தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் அளவுக்கு மேல் இழுபட்டிருக்கிறது என்று பொருள். விரிசல் கண்ணில் பட்டால் வெந்நீர் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தள்ளத் தள்ள அது நீளும். டிக்கிக் கதவு முன்போலச் சரியாக மூடுகிறதா, டெயில் லைட்டுக்கும் பம்பருக்கும் இடையே உள்ள சந்து இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் பம்பர் என்று சொல்வது வெறும் வெளிப்போர்வைதான். உண்மையான இடியைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம். சந்து கோணலாகியிருந்தால் அந்தச் சட்டமோ, அதைப் பிடித்திருக்கும் இடமோ நகர்ந்திருக்கலாம்; அதைப் பட்டறையில் காட்டியே ஆக வேண்டும். மெதுவாகப் பின்னால் எடுக்கும்போது மூலையில் பட்ட இடியில் அப்படி ஆவது அரிது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில புதிய கார்களில் பின் பம்பரின் மூலைகளுக்குள் ரேடார் இருக்கும், பக்கவாட்டில் வரும் வண்டியைக் கண்டு எச்சரிப்பதற்காக. முன்பக்கத்திலும் இருக்கலாம். உங்கள் காரில் அந்த வசதி இருந்தால், ஒடுக்கு அந்த இடத்தில் விழுந்திருந்தால், நீங்களே கை வைக்காதீர்கள். ரேடாருக்கு நேர் எதிரே இருக்கும் பம்பரின் வடிவமும் பெயிண்டின் கனமும்கூட அதன் பார்வையைக் கெடுக்கும். சாதாரண பார்க்கிங் சென்சார் அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. அதன் மீது நேராக அழுத்தாமல், வயரை இழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மஞ்சு இறங்காத, வெயில் அடிக்கும் ஒரு நாளில் காலை 11 மணிக்கு மேல் தொடங்குங்கள். ஒடுக்கு விழுந்த பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மலை வெயில் உடலுக்கு இதமாகத் தோன்றினாலும் காற்று மெல்லியதாக இருப்பதால் சுள்ளென்று இறங்கும். அடர்நிறப் பம்பர் என்றால் காற்றைவிட நன்றாகவே சூடாகும். ஐந்து டிகிரியில் தொடங்குவதற்கும் முப்பதில் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கெட்டிலாலும் ஈடுகட்ட முடியாது. மதியத்திலேயே முடித்துவிடுவதில் இன்னொரு நன்மை, தரையிலும் பம்பருக்குள்ளும் தேங்கிய நீர் மாலைக்குள் காய்ந்துவிடும். உறைபனிக் காலத்தில் வாசல் சரிவில் நீர் தேங்கி இரவில் உறைந்தால் காலையில் யாராவது சறுக்கி விழுவார்கள்.

நம் ஊரில் சமதளமான வாசல் கிடைப்பதே அரிது. கை பிரேக் போட்டு, கியரில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகுதான் காருக்குக் கீழே கையை விடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். சரிவில் ஜாக்கி எந்த நேரமும் சாயும்.

அடுத்து, ஒடுக்கின் பின்பக்கத்துக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். பின் பம்பரின் மூலை என்பதால் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அடியிலிருந்து கை நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மண்மறைப்பின் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றி அதைச் சற்று ஒதுக்கினால் அநேகமாக முழங்கை வரை போகும். சில கார்களில் டெயில் லைட்டைக் கழற்றினால் மேலிருந்து வழி கிடைக்கும். உள்ளே இரும்பு விளிம்புகள் கூராக இருக்கும். கனமான கையுறை, முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம். கை எட்டவில்லை என்றால் மட்டும் ஒரு மரக்கட்டையின் நுனியில் துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டிப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர் போன்ற கூரான எதுவும் வேண்டாம். இளகிய பிளாஸ்டிக்கில் அவை உள்ளிருந்து குத்தி, வெளியே கொப்புளம் போல ஒரு புடைப்பை உண்டாக்கிவிடும். பள்ளத்தை எடுத்துவிடலாம், அந்தப் புடைப்பை எடுப்பது பெரும்பாடு.

இப்போது சூடு. பழைய பருத்தித் துண்டு ஒன்றை நான்காக மடித்து, ஒடுக்கையும் அதைச் சுற்றியுள்ள மேட்டையும் மூடும்படி பம்பரில் போடுங்கள். நழுவாமல் இருக்க மேல் விளிம்பை டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித டேப் போதும், பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் பெயிண்டைப் பிடித்து இழுக்கும். இரண்டு பாத்திரங்களில் நீரைக் கொதிக்கவிட்டு, ஒன்று தீரும்போது அடுத்தது தயாராக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் துண்டின் மேல் மெல்லிய தாரையாக, நிற்காமல், வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றட்டும். துண்டு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் வழிந்தோடாமல் சூடு அங்கேயே நிற்கும். துண்டின் மேலே ஒரு பாலித்தீன் தாளைப் போட்டுக்கொண்டால் குளிர்காற்று ஆவியை அடித்துச் செல்லாது. மூன்று நான்கு நிமிடங்கள் இப்படியே போகட்டும். அவசரப்பட்டு நடுவில் துண்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

ஊற்றுகிறவரின் கையும் நீங்கள் தள்ளும் கையும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கக் கூடாது. வெந்நீர் பம்பரின் உள்பக்கமாக வழிந்து உங்கள் கையுறைக்குள் இறங்கினால் கொப்புளம்தான். ஊற்றுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, துண்டை அப்படியே விட்டுவிட்டு, கையை உள்ளே விடுங்கள். குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தள்ளுவதில் ஒரு முறை இருக்கிறது. நேராகப் பள்ளத்தின் அடியில் முட்டியை வைத்து ஓங்கிக் குத்துவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். மாறாக, பள்ளம் ஆழம் குறைவாக இருக்கும் ஓரத்தில், மேட்டுக்குச் சற்று உள்ளே, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துச் சீராக அழுத்துங்கள். அங்கே கொஞ்சம் கொடுத்தவுடன் அடுத்த இடம், பிறகு அதற்கடுத்த இடம் என ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகருங்கள். வளையம் ஓரிடத்தில் உடைந்தால் போதும், மீதி "டப்" என்ற ஒலியுடன் தானே வெளியே வந்துவிடும். சூடு போதவில்லை என்றால் பிளாஸ்டிக் விறைப்பாகக் கையை எதிர்க்கும். அப்போது பலத்தைக் கூட்டாதீர்கள். கையை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் சூடு கொடுங்கள். பலம் போட்டுத் தள்ளிய இடத்தில் மடிப்பு விழும். பம்பரில் நான் பார்க்கும் மீளாத கோடுகளில் பெரும்பாலானவை சுவர் உண்டாக்கியவை அல்ல, குளிர்ந்த பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டியதால் வந்தவை.

வெளியே வந்த பிறகு கையை உடனே எடுத்துவிடாதீர்கள். உள்ளிருந்து அந்த வடிவிலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு, துண்டை அகற்றி, குழாய் நீரில் நனைத்த துணியை வெளியே வைக்கச் சொல்லுங்கள். குளிர்விப்பதன் நோக்கம் அவ்வளவுதான்: பிடித்த வடிவில் பிளாஸ்டிக் இறுக வேண்டும். ஐஸ் நீர் வேண்டாம். உதகைக் குழாய் நீரே ஏறத்தாழ ஐஸ் நீர்தான். சூடான பெயிண்டின் மேல் திடீர்க் குளிர் பாய்ந்தால் மேல்பூச்சில் விரிசல் விடும் வாய்ப்பு உண்டு. அதனால் நீரை வாரி இறைக்காமல் நனைந்த துணியே போதும். உலர்பனிக்கட்டியை வைத்தால் ஒடுக்கு குதித்து வெளியே வரும் என்றும் சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு அந்த வித்தை உதவாது.

முதல் முறையில் முக்கால் பங்கு வந்து, மீதி ஒரு சிறு குழியாக நின்றால் கவலைப்படாதீர்கள். அதே முறையை மீண்டும் செய்யலாம். இந்தச் சிறு மிச்சத்துக்கு ஹேர் டிரையர் நன்றாக உதவும். ஒரு சாணளவு தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஐந்தாறு நிமிடம் காட்டுங்கள்.

ஹீட் கன் பற்றிக் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். பட்டறையில் நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் முதல்முறை செய்கிறவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பல ஹீட் கன்களில் குறைந்த நிலையிலேயே முனையில் வரும் காற்று 300 டிகிரி அளவில் இருக்கும். பாலிப்ராப்பிலீன் உருகும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே இடத்தில் சில விநாடிகள் அசந்து நின்றால் பெயிண்ட் கொப்புளிக்கும், அடியில் பிளாஸ்டிக் பளபளவென்று உருகி இழுபடும். அதற்குப் பிறகு வெந்நீரால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டி பூசி நிரப்பிப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. வெந்நீரின் பெரிய நன்மையே இதுதான். அது இங்கே 93 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. நீங்கள் மறந்து நின்றாலும் பெயிண்ட் கருகாது. உயரம் எடுத்துக்கொள்ளும் சூட்டுக்கு ஈடாகக் கொஞ்சம் பாதுகாப்பையும் கொடுக்கிறது. ஹீட் கன்னைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் பெயிண்ட் பக்கம் காட்டாமல் உள்பக்கத்திலிருந்து காட்டுங்கள். மறு கையால் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே இருங்கள். கை பொறுக்காத சூடு வந்தவுடன் நிறுத்திவிட்டுத் தள்ளுங்கள்.

உறிஞ்சு கப் வாங்கி இழுத்துப் பார்க்கலாமா என்றால், உங்கள் ஒடுக்குக்கு நான் சொல்ல மாட்டேன். அது பிடித்து நிற்பது வெளிக்காற்றின் அழுத்தத்தால். உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கப்பின் பிடியும் அதே அளவு குறையும். அதோடு பம்பர் மூலை வளைவானது. கப் முழுமையாக ஒட்டவே ஒட்டாது. அகலமான தட்டைப் பரப்பில், பின்னால் கை போகவே வழியில்லாத இடத்தில், நன்றாகச் சூடு கொடுத்த பிறகு முயன்று பார்க்கலாம்.

கையே நுழையவில்லை என்றால் பம்பரைக் கழற்ற வேண்டிவரும். கழற்றிவிட்டால் வேலை மிகவும் சுலபம்; இரு பக்கமும் துண்டு வைத்துச் சூடு கொடுக்கலாம். ஆனால் குளிரில் கழற்றும்போது ஒடிவது பம்பர் அல்ல, அதைக் காரோடு பிடித்து நிறுத்தும் காதுகளும் கிளிப்புகளும். ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றும் முன் ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். சக்கரத்தை ஒட்டிய மூலைகளில் பம்பர் ஒரு தாங்கியில் கொக்கி போட்டு நிற்கும். அதைக் கீழ்நோக்கி இழுக்காமல் வெளிப்பக்கமாக, மேலிருந்து ஒவ்வொரு பல்லாக விடுவிக்க வேண்டும். இருவர் இரு பக்கமும் பிடித்து இறக்குங்கள். சென்சார் வயர், நம்பர் பிளேட் விளக்கின் வயர் உள்ளே சொருகியிருக்கும், முழுதாக இழுக்கும் முன் அவற்றைக் கழற்றுங்கள். சில கிளிப்புகள் எப்படியும் ஒடியும். முன்கூட்டியே சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விரிசல் இருந்தால் அது வேறு வேலை. வீட்டில் இருக்கும் உடனடிப் பசையையோ எம்-சீலையோ வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள். பாலிப்ராப்பிலீனில் இவை எதுவும் நிலைத்துப் பிடிக்காது, சில நாட்களில் உரிந்துவிடும், பிறகு பற்றவைப்பவருக்கு அந்தப் பசையைச் சுரண்டுவதே பெரும் வேலையாகிவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை வைத்து உருக்கிப் பற்றவைப்பது, உள்பக்கமாகச் சூடான ஸ்டேப்பிள் கம்பிகளைப் பதிப்பது என்று இரண்டு முறைகள் உண்டு. தெரிந்தவர் கையில் கொடுத்தால் பம்பர் பிழைத்துக்கொள்ளும். மேலே வைக்கும் பட்டி பிளாஸ்டிக்குக்கான நெகிழும் பட்டியா என்று கேட்டுவிடுங்கள். தகர வேலைக்கான பட்டியை வைத்தால் முதல் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலிலேயே கோடு விடும்.

உங்கள் இரண்டு மெல்லிய கோடுகளுக்கு வருகிறேன். நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் கோடு மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது, அல்லது சுவரின் சுண்ணாம்பும் பாசியும் ஒட்டியிருக்கிறது. ரப்பிங் காம்பவுண்டை ஈரத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். நகம் தடுக்கிறது, ஆனால் அடியில் கறுப்பு தெரியவில்லை என்றால் நிற எண்ணைச் சொல்லி டச்சப் பெயிண்ட் வாங்கித் தொட்டுவிடலாம். அந்த எண் கதவு நிலையிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு தகட்டில் இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக்கே தெரிகிறது என்றால் பெயிண்டுக்கு முன் பிடிமானத்துக்கான பிரைமர் ஒன்று தேவை. அது இல்லாமல் அடித்த பெயிண்ட் பாளம் பாளமாக உரியும்.

ஸ்ப்ரே பெயிண்டை வீட்டில் அடிக்க நினைத்தால் இங்குள்ள வானிலையை மனத்தில் வையுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு பால்நிறமாக மங்கும், குளிரில் காய்வதற்கு மிகவும் தாமதமாகும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இதைத் தொடவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் குறைந்த உச்சிப்பொழுதுகள்தான் சரி. கெட்டிப்பான் கலந்த இரட்டைக் கலவை மேல்பூச்சில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. குளிருக்குப் பயந்து கார் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அதை அடிப்பது மிகவும் ஆபத்து. ஷெட்டைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைப்பது அதைவிடக் கொடியது. மூடிய இடத்தில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும். இந்த ஒரு வேலையைப் பெயிண்ட் அறை இருக்கும் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் கோரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த அளவு ஒடுக்குக்கு வேண்டாம். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதைத் தாண்டியவற்றுக்கு 2,000 ரூபாயும் நீங்களே கட்டாயம் ஏற்க வேண்டும். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி வைத்திருந்தாலும், ஒருமுறை கோரினால் கோரிக்கையின்மைச் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும். அது முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து கோராமல் இருந்தால் 50 சதவீதம் வரை ஏறுவது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் அவ்வளவு கழிவை இழந்து ஒரு பம்பர் மூலையைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது.

பட்டறையில் மாற்றச் சொன்னார்கள் என்பதற்காக அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒடுக்கெடுப்பது நேரம் பிடிக்கும் கைவேலை, பலன் எப்படி வரும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. புதிய பம்பரை மாட்டிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் ஆலையில் அடித்த பெயிண்டோடு இருக்கும் ஒரு நல்ல பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியில் நிறம் கலந்து அடித்த பம்பரை மாட்டுவது உங்கள் காருக்கு லாபமல்ல. பம்பரின் காதுகள் ஒடிந்து நிற்காத நிலை, விரிசல் விளிம்பு வரை ஓடிய நிலை, பெரிய பரப்பில் மடிப்பு மடிப்பாக நொறுங்கிய நிலை, இவற்றில்தான் மாற்றுவது நியாயம்.

இனி இடிபடாமல் இருக்கப் பம்பருக்கு வெளியே இரும்புக் கம்பித் தடுப்பு (புல் பார்) மாட்டிக்கொள்ளச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். அவற்றை வாகனங்களில் பொருத்துவதற்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இளகிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இரும்பு நின்றால், இடியின் விசை நேராகக் காரின் சட்டத்துக்குப் போகும். எதிரில் நடந்து வருகிறவருக்கும் அது ஆபத்து. முன்பக்கத்தில் மாட்டினால் ஏர்பேக் சென்சார் இடியை உணரும் விதமே மாறிவிடக்கூடும்.

ஒடுக்கு வெளியே வந்த பிறகு, மண்மறைப்பின் ஸ்க்ரூக்களை எல்லாம் திரும்பப் போட்டீர்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அது சக்கரத்தில் உரச ஆரம்பிக்கும். காரில் பார்க்கிங் சென்சார் இருந்தால், ரிவர்ஸ் கியர் போட்டு, ஒருவரை மூலைக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, அது கத்துகிறதா பாருங்கள். கை பிரேக்கும் பிரேக்கில் காலும் உறுதியாக இருக்கட்டும், அந்த ஆளைச் சரிவின் கீழ்ப்பக்கம் நிறுத்தாதீர்கள். யாருமே இல்லாமல் தொடர்ந்து கத்தினால் சென்சாரின் முகம் கோணலாகியிருக்கிறது. உள்ளிருந்து அதன் பிடியைக் கழற்றி நேராகப் பொருத்தினால் சரியாகிவிடும்.